சிக்னல் இல்லாத இடத்திலும் வழி தெரிய: மட்டக்களப்பு, அம்பாறைப் பயணங்களுக்கான ஆஃப்லைன் வரைபட வழிகாட்டி

டேட்டா தீர்ந்துவிட்டால் கைபேசி வரைபடமும் படுத்துவிடும் என்று இன்னும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் வரைபடச் செயலி இரண்டு வேலைகளைச் செய்கிறது. நீங்கள் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது ஒன்று. அந்த இடத்தைச் சுற்றியுள்ள வீதி, ஆறு, ஊர்ப்பெயர் எல்லாவற்றையும் திரையில் வரைந்து காட்டுவது இன்னொன்று. முதல் வேலைக்கு இணையமே வேண்டியதில்லை. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் பூமியைச் சுற்றிவரும் ஜிபிஎஸ் செய்மதிகள் ஓயாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. கைபேசி அதைக் கேட்க மட்டுமே செய்கிறது, எதையும் திருப்பி அனுப்புவதில்லை. நான்கு செய்மதிகள் அகப்பட்டால் போதும், நீலப் புள்ளி சரியான இடத்தில் வந்து நிற்கும். சிம் அட்டையே இல்லாத கைபேசியிலும் இது நடக்கும்.

இணையம் தேவைப்படுவது இரண்டாவது வேலைக்குத்தான். அந்த வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் வழியில் இணையத்தை நம்பி இருக்க வேண்டியதில்லை.

நமது பக்கத்தில் இது அவசியம். கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வரை கரையோர வீதியில் சிக்னல் பெரிதாகக் கைவிடாது. மேற்கே உன்னிச்சை, குடும்பிமலைப் பக்கம் திரும்பினாலோ, தெற்கே பாணமையைத் தாண்டி உகந்தைக்குப் போனாலோ கதை மாறிவிடும். அங்கே போய் நின்றுகொண்டு வரைபடம் திறக்கவில்லை என்று கையைப் பிசைவதில் பயனில்லை. முதல் நாள் இரவு வைஃபை உள்ள இடத்தில் செய்யும் அரைமணி நேர வேலையில்தான் எல்லாம் இருக்கிறது.

எந்தச் செயலி

என் பரிந்துரை இரண்டு செயலிகள்: கூகுள் மேப்ஸ், ஆர்கானிக் மேப்ஸ். இரண்டையும் வைத்திருங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொன்றுக்கு உதவும்.

கூகுளின் பலம் கடைகள், மருந்தகங்கள், தங்குமிடங்கள், தொலைபேசி எண்கள். நகருக்குள் அதற்கு நிகர் இல்லை. ஆனால் இணையம் இல்லாதபோது அது வாகனத்துக்கான வழியை மட்டுமே சொல்லும். நடந்து போகும் வழியோ பஸ் வழியோ வராது. நெரிசல் விவரமும் மாற்று வழிகளும் கிடைக்காது.

ஆர்கானிக் மேப்ஸ், ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தைப் பயன்படுத்துகிறது. 2004 இல் தொடங்கிய அந்த வரைபடத்தை உலகெங்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து வரைந்து வருகிறார்கள். செயலி இலவசம், விளம்பரம் கிடையாது, நீங்கள் போகும் இடங்களை வேவு பார்ப்பதும் இல்லை. நாட்டின் வரைபடத்தை முழுதாக இறக்கி வைத்துக்கொண்டு நடைவழி, சைக்கிள் வழி, வாகன வழி எல்லாவற்றையும் இணையம் இல்லாமலே கேட்கலாம். வயல் வீதி, குளக்கட்டு, காட்டுத்தடம் போன்றவை கூகுளைவிட இதில் தெளிவாகத் தெரியும் இடங்கள் பல உண்டு. வரைபடத்துக்குக் காலாவதித் திகதியும் இல்லை.

கைபேசியில் ஒன்றுக்கு மட்டுமே இடம் இருக்கிறது, போவதோ மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கோ காட்டுப்பக்கமோ என்றால் ஆர்கானிக் மேப்ஸை வைத்துக்கொள்ளுங்கள். ஓஸ்மாண்ட் என்ற மூன்றாவது செயலியும் இருக்கிறது. அதில் வசதிகள் மிகுதி, ஆனால் பழகிக்கொள்ள நாள் எடுக்கும். முதன்முறை பயன்படுத்துவோருக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

கூகுள் மேப்ஸில் இறக்குவது

வைஃபையில் இணைந்துகொண்டு செயலியைத் திறந்து, வலது மேல்மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொடுங்கள். விரியும் பட்டியலில் 'ஆஃப்லைன் மேப்ஸ்' என்ற வரி இருக்கும். அதற்குள் போய், நாமே பகுதியைத் தேர்ந்துகொள்ளும் முதல் வரியைத் தொட்டால் வரைபடத்தின் மேல் ஒரு சதுரக் கட்டம் தோன்றும். இரு விரல்களால் வரைபடத்தைச் சுருக்கியும் விரித்தும் வேண்டிய பகுதியைக் கட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். எத்தனை எம்பி இடம் பிடிக்கும் என்று கீழே காட்டும். பிறகு பதிவிறக்கும் பொத்தானை அழுத்தினால் முடிந்தது.

இந்தக் கட்டத்தை எங்கே வைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். போகும் ஊரை மட்டும் கட்டத்துக்குள் வைத்தால் போதாது. புறப்படும் இடம், சேரும் இடம், இடைப்பட்ட வீதி மூன்றும் இறக்கிய பகுதிக்குள் இருந்தால்தான் வழி சொல்லும். வடக்கே வாகரை, தெற்கே குமண இரண்டும் அடங்கட்டும். மேற்கே தாராளமாக இடம் விடுங்கள். செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் போகிறவருக்கு மகாஓயா உள்ளே இருக்க வேண்டும். பொத்துவிலிலிருந்து மொனராகலைப் பக்கம் போகிறவருக்கு சியம்பலாண்டுவ உள்ளே இருக்க வேண்டும்.

இறக்கிய வரைபடத்துக்கு 'கிழக்கு' என்றோ 'உகந்தை' என்றோ நீங்களே பெயர் வைத்துவிடுங்கள். பட்டியலில் ஒவ்வொன்றின் கீழும் அது காலாவதியாகும் திகதி இருக்கும். பயணத்துக்கு முன் அதை ஒருமுறை பார்த்து, நாள் நெருங்கியிருந்தால் அங்கேயே புதுப்பித்துக்கொள்ளுங்கள். காலாவதியான வரைபடம் வழியில் உதவாது.

ஆர்கானிக் மேப்ஸில் இறக்குவது

இது இன்னும் எளிது. செயலியை நிறுவித் திறந்து, பட்டியலில் வரைபடங்களை இறக்கும் பகுதிக்குப் போய் இலங்கையைத் தேடி இறக்குங்கள். கட்டம் வைக்கும் வேலை இல்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை வைஃபை கிடைக்கும்போது புதுப்பித்தால் புதிய வீதிகளும் திருத்தங்களும் வந்து சேரும்.

வீட்டிலேயே ஒத்திகை

இந்தப் படியைத் தவறவிடாதீர்கள். வரைபடம் இறங்கியதும் கைபேசியை ஃபிளைட் மோடில் போடுங்கள், வைஃபையையும் அணையுங்கள். இப்போது செயலியைத் திறந்து, போகவிருக்கும் ஊரின் மேல் விரித்துப் பாருங்கள். சிறு வீதிகளின் பெயர்கள் தெரிகின்றனவா? ஊர்ப்பெயரைத் தட்டச்சுச் செய்தால் தேடல் பலன் தருகிறதா? வீட்டிலிருந்து அங்கே வழி கேட்டால் கோடு வருகிறதா? வாசலுக்கு வந்து திறந்த வானத்தின் கீழ் நின்றால் நீலப் புள்ளி உங்கள் வீதியில் விழுகிறதா?

இந்த நான்கும் சரியாக இருந்தால் நம்பிப் புறப்படலாம். புள்ளி வரச் சற்றுத் தாமதமானால் பயப்பட வேண்டாம். இணையம் இருக்கும்போது செய்மதிகள் எங்கே இருக்கின்றன என்ற விவரத்தைக் கைபேசி இணையத்திலிருந்து உடனே எடுத்துக்கொள்ளும். இணையம் இல்லாதபோது அதைச் செய்மதியிடமிருந்தே கேட்டுப் பெற வேண்டியிருப்பதால் அரை நிமிடத்திலிருந்து சில நிமிடங்கள் வரை ஆகலாம். பல நாள் அணைத்து வைத்திருந்த கைபேசி என்றால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அந்த நேரம் அசையாமல் வெளியில் நிற்பது உதவும். ஓடும் பஸ்ஸுக்குள்ளோ அடர்ந்த மரநிழலிலோ தேடினால் தாமதம் கூடும்.

இடங்களைக் குறித்து வைப்பது

ஆஃப்லைனில் தேடல் கூர்மை குறைந்தது. ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஓர் எழுத்து மாறினாலும் தவறிப்போகும். கொக்கட்டிச்சோலையை எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று பெயர்ப்பலகைகளைப் பார்த்தாலே தெரியும். ஆர்கானிக் மேப்ஸில் தமிழ்ப் பெயர் பதியப்பட்ட இடங்களைத் தமிழிலேயே தேடலாம். முதலில் தமிழில் முயன்று பாருங்கள்.

ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருப்பது இன்னொரு தொல்லை. புதுக்குடியிருப்பு என்று தேடினால் காத்தான்குடிக்குத் தெற்கே இருப்பதும் வரலாம், முல்லைத்தீவில் இருப்பதும் வரலாம். வழிக்கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது, எத்தனை கிலோமீற்றர் காட்டுகிறது என்று பார்க்காமல் புறப்படாதீர்கள்.

இவ்வளவுக்கும் ஒரே தீர்வு, போகவேண்டிய இடங்களை முன்கூட்டியே குறித்து வைப்பதுதான். தங்குமிடம், கடைசி எரிபொருள் நிரப்பு நிலையம், கிட்டிய வைத்தியசாலை, உறவினர் வீட்டுச் சந்தி எல்லாவற்றின் மேலும் விரலை அழுத்திப் பிடித்து, பெயரிட்டுச் சேமியுங்கள். ஆர்கானிக் மேப்ஸில் இந்தக் குறிகள் கைபேசிக்குள்ளேயே இருக்கும். ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து, கூட வருபவர்களுக்கு வாட்ஸ்அப்பிலோ புளூடூத்திலோ அனுப்பவும் முடியும். குழுவாகப் போகிறீர்கள் என்றால் ஒருவர் குறித்துவிட்டு எல்லோருக்கும் கொடுங்கள்.

ஆள்கூறுகளைப் படிக்கவும் பழகிக்கொள்ளுங்கள். அழுத்திப் பிடித்த இடத்தில் இரண்டு தசம எண்கள் தெரியும். மட்டக்களப்பு நகரம் ஏறத்தாழ 7.71, 81.69. அறுகம்பை ஏறத்தாழ 6.84, 81.83. முதலாவது அகலாங்கு, இரண்டாவது நெட்டாங்கு. தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் எழுதினால் ஏறத்தாழ 11 மீற்றருக்குள் இடம் பிடிபடும், ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க அது போதும். இரண்டு எண்களையும் இடம் மாற்றி எழுதிவிட்டால் ஆர்க்டிக் கடலுக்குப் போய்விடும். எனவே நமது கரையோரத்தில் முதல் எண் 6, 7, 8 இல் ஒன்றாகவும் இரண்டாவது 81 ஆகவும் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

இந்த இரண்டு எண்களையும் சாதாரண எஸ்எம்எஸ் இல் அனுப்பலாம். டேட்டா ஓடாத மெல்லிய சிக்னலிலும் எஸ்எம்எஸ் போய்ச் சேர வாய்ப்பு உண்டு. வழியில் விபத்து நேர்ந்து 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்தால், எந்த இடம் என்ற கேள்விக்குப் பதிலாக வாசித்துச் சொல்லவும் இதே எண்கள் கைகொடுக்கும்.

வாவியைக் கடக்கும்போது

வெளியூர்ச் செயலி நமது வாவியைச் சரியாகப் புரிந்துகொள்ளாது. இதை மட்டக்களப்புக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் நின்று பார்த்தால் படுவான்கரை கண்ணுக்கு எட்டும் தூரம். ஆனால் கடக்கும் இடங்கள் சிலவே. நகரத்திலிருந்து வலையிறவுப் பாலத்தால் வவுணதீவுக்குப் போகலாம். 2014 இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலைக்குப் போகலாம். களுவாஞ்சிகுடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தால் போரதீவு, வெல்லாவெளிப் பக்கம் போகலாம்.

மண்டூர் முருகனைக் காணப் புறப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கல்முனை வீதியில் வந்து வழி கேட்டால், செயலி குருமண்வெளியால் திருப்பி நேராக வாவிக்கு மேலே ஒரு கோடு போடக்கூடும். அந்தக் கோட்டை விரித்துப் பாருங்கள். முழுக்கோடாக இல்லாமல் விட்டுவிட்டு வரைந்திருந்தால் அது பாலம் இல்லை, பாதை. நம்மூரில் பாதை என்றால் வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை என்பதை வெளியூர்க்காரர்கள் அறிந்திருக்கமாட்டார்கள். பாதை இரவில் ஓடுமா, காற்று மழையில் ஓடுமா, பெரிய வானை ஏற்றுமா என்று செயலிக்குத் தெரியாது. சந்தேகம் இருந்தால் வழி அமைப்புகளில் படகுச்சேவையைத் தவிர்க்கும் தெரிவைப் போட்டுவிடுங்கள். உடனே பட்டிருப்புப் பாலத்தால் வெல்லாவெளி சுற்றி மண்டூருக்குப் புது வழி வரும். தூரம் கூடினாலும் இருட்டில் துறையடியில் போய் நிற்க வேண்டி வராது.

பகலில், நேரம் இருக்கிறது என்றால் பாதையிலேயே போங்கள். வாவியை அப்படிக் கடப்பதுபோல் வருமா!

மாரி மழையில்

இறக்கிய வரைபடத்துக்கு இன்றைய நாள் தெரியாது. இதைவிட முக்கியமான எச்சரிக்கை இந்த வழிகாட்டியில் இல்லை. வடகீழ்ப் பருவமழை கொட்டும் நவம்பரிலிருந்து ஜனவரி வரை நமது இரு மாவட்டங்களிலும் வயல், வாவி, வீதி மூன்றும் ஒன்றாகிவிடும் நாட்கள் வரும். அந்த நாளிலும் செயலி அதே வீதியை அதே நிறத்தில் காட்டி, அதே நேரக்கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்கும். 2024 நவம்பரில் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்று மத்ரஸா மாணவர்கள் உயிரிழந்ததை இந்த மண் மறக்கவில்லை. எந்த வரைபடத்திலும் அது அம்பாறைக்குப் போகும் பிரதான வீதி.

ஆகவே மழைக்காலத்தில் வரைபடத்தை இப்படிப் பயன்படுத்துங்கள்: வழிக்கோட்டை விரித்து, அது நீலநிறத்தைத் தொடும் இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆறு, வாய்க்கால், தாம்போதி (வெள்ளம் மேலால் ஓடக்கூடிய தாழ்ந்த பாலம்), குளத்தின் கலிங்கு (மிகுநீர் வழிந்தோடும் இடம்) எல்லாம் அப்படித்தான் தெரியவரும். அவற்றின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, புறப்படுமுன் அந்த ஊரில் இருக்கும் யாருக்காவது அழைத்துத் தண்ணீர் எப்படி என்று கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கமும் கைபேசியில் இருக்கட்டும். தாம்போதிக்கு மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் செயலி எதைச் சொன்னாலும் திரும்பிவிடுங்கள்.

நேரக்கணக்கையும் அப்படியே நம்ப வேண்டாம். கிரவல் வீதியில் மழைக்குப் பின் செயலி சொல்லும் 20 நிமிடம் சுலபமாக இரட்டிப்பாகும்.

உகந்தைக்கும் அதற்கப்பாலும்

பொத்துவிலைத் தாண்டிப் பாணமை, அங்கிருந்து உகந்தை. பாணமைக்குப் பிறகு சிக்னலை எதிர்பார்க்காதீர்கள், வேண்டிய அழைப்புகளைப் பாணமையிலேயே எடுத்து முடியுங்கள். அதிகாலையிலும் மாலை மங்கும் நேரத்திலும் யானை வீதிக்கு வரும். லாகுகலைப் பக்கமும் இதே கதைதான். எந்தச் செயலியும் அதைச் சொல்லாது, எனவே வெளிச்சத்தில் போய்ச் சேருமாறு புறப்படுங்கள்.

கதிர்காமப் பாதயாத்திரைக்கு நடப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காட்டுவழி திறக்கும் நாட்களில் ஆயிரக்கணக்கானோர் நடக்கும் தடம் என்பதால் வழி தவறும் அபாயம் குறைவு. ஆனாலும் குழுவிலிருந்து பிரிந்துபோவது உண்டு. உகந்தையிலிருந்து நடக்கத் தொடங்கும்போது செயலியில் தடம் பதிவதை இயக்கிவிட்டால், நடந்து வந்த வழி திரையில் கோடாக விழுந்துகொண்டே வரும். திரும்ப வேண்டி வந்தால் அந்தக் கோட்டையே பின்பற்றலாம். குழுவில் இருவர் செய்தால் போதும், எல்லோர் கைபேசியிலும் சார்ஜ் வீணாக வேண்டாம். மற்ற நாட்களில், வரைபடத்தில் காட்டுக்குள் தடம் தெரிகிறது என்பதற்காகக் குமண தேசிய பூங்காவுக்குள் நீங்களாக இறங்கக்கூடாது. வரைபடத்தில் இருக்கும் கோடு அனுமதிச்சீட்டு ஆகாது.

பஸ்ஸிலும் ரயிலிலும்

கொழும்பிலிருந்து இரவில் வருகிறவர்களுக்கு நீலப் புள்ளி நல்ல துணை. பாடும்மீன் ரயிலில் விழித்தெழுந்து ஜன்னலுக்கு வெளியே இருட்டாக இருக்கும்போது, புனானையைத் தாண்டிவிட்டோமா, வாழைச்சேனை வரப்போகிறதா, ஏறாவூரில் இறங்கத் தயாராகலாமா என்று யாரையும் எழுப்பாமல் பார்த்துக்கொள்ளலாம். ஜன்னலோரம் கைபேசியைப் பிடித்தால் புள்ளி விரைவில் வரும். வழி கேட்கத் தேவையில்லை, வரைபடத்தைத் திறந்து வைத்தாலே போதும்.

சார்ஜும் குரலும்

பற்றரியைத் தின்பது பெரும்பாலும் திரைவெளிச்சம். அதற்கடுத்தது, சிக்னல் மெலிந்த இடத்தில் கைபேசி கோபுரத்தைத் தேடித் தேடிக் களைப்பது. அப்படிப்பட்ட இடங்களில் ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். இன்றைய கைபேசிகளில் ஜிபிஎஸ் அதிலும் வேலை செய்யும். பவர் பேங்க் எடுத்துப் போங்கள், அதற்கான கம்பியைப் பையில் வைத்தீர்களா என்றும் பாருங்கள்.

மோட்டார் சைக்கிளிலோ காரிலோ தனியாகப் போகிறவர் குரல்வழி காட்டுதலை முன்பே தயார்செய்ய வேண்டும். ஆர்கானிக் மேப்ஸ் கைபேசியில் உள்ள குரலையே பயன்படுத்துகிறது. கைபேசியின் அமைப்புகளில் எழுத்தைப் பேச்சாக்கும் பகுதிக்குப் போய், செயலி பேசும் மொழிகளில் உங்களுக்குப் புரியும் ஒன்றின் குரலை வைஃபையில் இறக்கிவிடுங்கள். கைபேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டுவது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. தாங்கியில் பொருத்துங்கள், அல்லது ஒதுக்கி நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

வரைபடமும் ஊரும் முரண்படும்போது

திரையில் வீதி இருக்கும், எதிரில் வேலி இருக்கும். அல்லது திரையில் வெறும் பச்சை, எதிரில் புத்தம்புதுக் கொங்கிறீற் வீதி. அப்போது வண்டியை நிறுத்தி, வயலில் நிற்கிற ஐயாவிடமோ கடையில் இருக்கிற அக்காவிடமோ கேளுங்கள். 'இந்த வீதி போகுமா?' என்று மட்டும் கேட்காதீர்கள், வீதி எங்காவது போகத்தான் செய்யும். எந்த ஊருக்கு, எந்த வாகனத்தில் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான், மோட்டார் சைக்கிள் போகும், கார் போகாது என்ற பதில் கிடைக்கும்.

கிடைத்த பதிலை வரைபடத்தில் ஏற்றிவிடுங்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். படுவான்கரைச் சிற்றூர்கள் பல இன்னும் மெலிதாகவே வரையப்பட்டிருக்கின்றன. கோயில், பள்ளிக்கூடம், ஆயுர்வேத மருந்தகம், கூட்டுறவுக் கடை என்று விடுபட்டவை ஏராளம். அதை நிரப்ப வெளிநாட்டிலிருந்து யாரும் வரப்போவதில்லை. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் இலவசக் கணக்கு ஒன்றைத் தொடங்கிவிட்டால் ஆர்கானிக் மேப்ஸிலிருந்தே ஓர் இடத்தைச் சேர்க்கலாம், தமிழ்ப் பெயரையும் எழுதலாம். ஆண்ட்ராய்டில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலி, நீங்கள் நிற்கும் இடத்தைப் பற்றிச் சிறுசிறு கேள்விகள் கேட்கும். இந்த வீதி கிரவலா, தாரா? இந்த வீதிக்குப் பெயர் என்ன? பதில்களைச் சிக்னல் இல்லாமலே பதிந்துகொண்டு வந்து, வீட்டில் அனுப்பலாம். கூகுளில் பார்த்ததைப் படியெடுத்து இங்கே எழுதாதீர்கள், உரிமச் சிக்கல் வரும். கண்ணால் கண்டதையும் ஊரார் சொன்னதையும் எழுதுங்கள். அடுத்த முறை வரைபடத்தைப் புதுப்பிக்கும்போது நீங்கள் சேர்த்த தாம்போதி அங்கே வருபவர் எல்லோருடைய கைபேசியிலும் தெரியும்.